இரண்டு படங்களுக்கு நடுவே இரண்டு ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாடைச் சீரமைப்பு அறுவை சிகிச்சை பற்றி நாளிதழ்களிலும் யூடியூபிலும் வரும் செய்திகளில் பெரும்பாலும் இரண்டு படங்கள் இருக்கும். முதல் படத்தில் முன்தள்ளிய கீழ்த்தாடை அல்லது உள்ளடங்கிய மோவாய். இரண்டாவதில் ஒழுங்கான முகமும் சிரிப்பும். இவற்றுக்கு நடுவே ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டரை ஆண்டு வரை ஓடியிருக்கும். அந்தக் காலத்தில் சிகிச்சை பெற்றவருடைய மனம் என்ன பாடுபட்டது என்று யாரும் எழுதுவதில்லை. மருத்துவமனைகளிலும் அதைக் கேட்க அநேகமாக ஏற்பாடு இல்லை. பல்லுக்கு அச்சு எடுக்கிறோம், பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கிறோம், தாடைக் கோணங்களை அரை டிகிரி வரை அளக்கிறோம். தூக்கம் வருகிறதா, வெளியே போகிறீர்களா, வாழ்க்கை வெறுத்துப்போகிறதா என்று மட்டும் கேட்பதில்லை. பல் சீரமைப்பு, முகத்தாடை அறுவை, மனநலம் ஆகிய துறைகளில் வேலை செய்யும் நாங்கள் இதைப் பொதுவெளியில் சொல்ல விரும்புகிறோம்.

'எத்துப்பல்', 'கோணவாய்', 'மோவாய் இல்லாதவன்' போன்ற பட்டப்பெயர்கள் ஆறாம் ஏழாம் வகுப்பில் ஒட்டிக்கொண்டால் பள்ளி முடிகிறவரை விடாது. அதன் அடையாளங்கள் பின்னால் பழக்கங்களாகத் தங்கிவிடும். பேசும்போது கை தானாக வாயருகே போகும். போட்டோவுக்கு எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டி நிற்பார்கள். கொரோனா ஓய்ந்த பிறகும் முகக்கவசத்தைக் கழற்றாத மாணவர்கள் பலர் உண்டு. முன்பற்கள் மேலும் கீழும் சேராமல் திறந்தே இருப்பவர்களால் பரோட்டாவைப் பல்லால் கடித்துப் பிய்க்க முடியாது. அதனால் கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காராமல் "பசிக்கல" என்று சொல்லித் திரும்பிவிடுவார்கள். வீட்டில் இதைக் கூச்ச சுபாவம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

குறை எவ்வளவு பெரிதோ அவ்வளவு துயரம் என்று நினைப்பது தவறு. முகத்தில் பெரிய மாறுபாடு உள்ளவருக்கு, எதிரே வருபவர் எப்படிப் பார்ப்பார் என்பது ஓரளவு பழகியிருக்கும். சிறிய மாறுபாடு உள்ளவருக்கு அது பிடிபடுவதே இல்லை. ஒருவர் கவனிக்கவே மாட்டார், அடுத்தவர் சிரித்துவிடுவார். ஒவ்வொரு புது ஆளையும் சந்திக்கும் முன் அந்தப் பதைப்பு வந்துபோகும். ஆகவே "மூணு மில்லிமீட்டர்தானே, இதுக்குப் போயா" என்று மருத்துவரே சொல்வது ஆறுதல் ஆகாது. அதைக் கேட்டவர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

பிறவியிலேயே உதட்டுப்பிளவு, அன்னப்பிளவு (வாயின் மேற்கூரையில் பிளவு) உள்ளவர்களின் பாதை இன்னும் நீளமானது. சுமாராக 700 முதல் 1000 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. உதட்டுக்கு 3 முதல் 6 மாதத்தில், அன்னத்துக்கு 9 முதல் 18 மாதத்தில், ஈறு எலும்புக்கு 8 முதல் 11 வயதுக்குள் என்று அறுவை சிகிச்சைகள் தொடரும். சிலருக்கு மேல்தாடை போதிய அளவு வளராமல் பின்தங்கிவிடும். அவர்கள் வளர்ச்சி நின்றபின் தாடை அறுவை சிகிச்சைக்கும் வர வேண்டும். இந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் சுமக்கும் பழி தனிக்கதை. கர்ப்பத்தில் கிரகணத்தைப் பார்த்ததால், கிரகண நேரத்தில் காய் நறுக்கியதால் வந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். அதில் துளியும் உண்மை இல்லை. கரு உண்டான முதல் மூன்று மாதத்துக்குள் முகத்தின் பகுதிகள் ஒன்றுசேராமல் போவதால் பிளவு உண்டாகிறது. மரபணு, சில மருந்துகள், புகைப் பழக்கம், ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் குறைவு என்று பல காரணங்கள் கலந்திருக்கலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. இதைத் தாயிடம் மட்டும் சொன்னால் போதாது. மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

தாடை மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போகும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் மோவாய் தரையில் மோத விழுந்து மூட்டு உடைந்ததோ, காதில் சீழ் பிடித்து மூட்டு வரை பரவியதோ காரணமாக இருக்கும். வாய் திறக்காது, மோவாய் வளராது, இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும். ஒட்டிய எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்கிய சில நாட்களிலேயே வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். ஐஸ் குச்சி போன்ற மரத்தகடுகளைப் பற்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, தினம் பலமுறை, ஆறு மாதத்துக்கும் குறையாமல் செய்ய வேண்டும். விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிள்ளை வலியில் கதறும்போது அந்தத் தகட்டைச் செருகுவது பெரும்பாலும் அம்மாவின் கை. பலர் மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுவது அலட்சியத்தால் அல்ல, பார்க்கச் சகிக்காமல். பயிற்சிக்கு அரை மணி முன்னால் வலி மருந்து, இன்று எத்தனை தகடு என்று பிள்ளையே எழுதும் ஒரு அட்டை, வாரம் ஒரு முறை தொலைபேசி அழைப்பு என்று மூன்றையும் செய்தால் பயிற்சி நிற்காமல் ஓடும்.

முதல் வருகையிலேயே கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. உங்கள் முகத்தில் எது பிடிக்கவில்லை, விரல் வைத்துக் காட்ட முடியுமா? எப்போதிலிருந்து? யாராவது சொல்லித் தெரிந்ததா, நீங்களே கவனித்ததா? ஒரு நாளில் எவ்வளவு நேரம் அந்த நினைப்பு? இதற்காக வேறு எங்கெல்லாம் போனீர்கள்? சிகிச்சை முடிந்தால் வாழ்க்கையில் என்ன மாறும் என்று நினைக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு "நன்றாக மென்று சாப்பிடலாம், போட்டோவில் தயங்காமல் நிற்கலாம்" என்று பதில் வந்தால் எதிர்பார்ப்பு தரையில் இருக்கிறது. "வேலை கிடைத்துவிடும், விட்டுப்போனவர் திரும்ப வருவார்" என்று வந்தால் கத்தியை எடுக்கும் முன் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. இந்தக் கேள்விகளை அப்பா அம்மா முன்னால் கேட்டால் உண்மை வராது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்பது சரி. ஆனால் பிள்ளையோடு தனியாகப் பேசப் பத்து நிமிடம் ஒதுக்குவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

வருகிறவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு இருப்பது தாடைக் குறை அல்ல. பி.டி.டி. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் உடல்தோற்ற மனக்கோளாறு அது. பொதுமக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இருக்கிறது; முகம், பல், தோல் சிகிச்சை தேடி வருபவர்களிடையே விகிதம் கூடுதல். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அல்லது மிகச் சிறிய ஒன்றை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி, செல்போன் கேமரா, மறுபடி கண்ணாடி என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அல்லது கண்ணாடிகளை மூடி வைப்பார்கள். நான்கைந்து கிளினிக் பார்த்திருப்பார்கள். தன் போட்டோவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொண்டுவருவார்கள். இவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தால் கவலை தீராது, அடுத்த உறுப்புக்குத் தாவும், அல்லது அறுவை செய்தவர் மீது கோபமாக மாறும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையும் இவர்களுக்குப் பலன் தருகின்றன. மாத்திரை வேலை செய்கிறதா என்று சொல்லவே 12 வாரம் வரை ஆகும். "உங்களுக்கு ஒன்றுமே இல்லை, போங்கள்" என்று அனுப்பிவிட்டால் அவர் வேறொரு கிளினிக் கதவைத் தட்டுவார், அங்கே யாராவது செய்துவிடுவார்கள். "இந்த நினைப்பு உங்களைப் படுத்துகிற பாடு எனக்குத் தெரிகிறது, முதலில் அதற்கு வைத்தியம் பார்ப்போம்" என்று சொல்லி, மனநல மருத்துவரின் பெயரையும் நாளையும் குறித்து, கையில் சீட்டோடு அனுப்ப வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. துயரத்தோடு வருகிற எல்லோர் மீதும் இந்த முத்திரையைக் குத்திவிடக் கூடாது. தாடை உண்மையிலேயே பிசகியிருந்து, அதற்காகக் கேலி செய்யப்பட்டு, அதனால் சோர்ந்திருப்பவர்தான் பெரும்பான்மை. மனச்சோர்வு இருப்பதாலேயே ஒருவருக்கு அறுவை சிகிச்சையை மறுப்பது அநியாயம். சோர்வுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, நிலை சீரானபின் அறுவைக்குப் போகலாம்.

இனி, அந்த இரண்டு படங்களுக்கும் இடைப்பட்ட நடுக்காலம். எங்கள் துறைகளுக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. கீழ்த்தாடை முன்தள்ளியிருக்கும்போது உடல் அதைத் தானாகவே சரிக்கட்டப் பார்க்கும். கீழ் முன்பற்கள் உள்பக்கமாகச் சாயும், மேல் முன்பற்கள் வெளியே சாயும். அந்தச் சாய்வு குறையைக் கொஞ்சம் மறைக்கும். அறுவையின்போது தாடைகளை எலும்பின் உண்மையான அளவுக்கு நகர்த்த வேண்டுமானால், முதலில் கிளிப் போட்டு இந்தப் பற்களை நேராக நிமிர்த்தியாக வேண்டும். இதற்கு 12 முதல் 18 மாதம் ஆகும். அந்த மாதங்களில் பக்கவாட்டுத் தோற்றம் முன்பைவிட மோசமாகும். கீழ்ப்பற்கள் மேலும் முன்னே வரும், கடி (மேற்பற்களும் கீழ்ப்பற்களும் சேரும் விதம்) இன்னும் பொருந்தாமல் போகும், மெல்லுவது கஷ்டமாகும், 'ச', 'ஸ' ஒலிகள் சிதறும். சிகிச்சை சரியாக நடக்கிறது என்பதற்கு இதுதான் அறிகுறி. ஆனால் ஊரில் எல்லோரும் கேட்பது, "கிளிப் போட்டும் இன்னும் கோணலாப் போச்சே, டாக்டர் சரியில்லையா?" என்பதுதான். முன்கூட்டியே சொல்லப்படாதவர்கள் இந்தக் கட்டத்தில்தான் சோர்ந்து, வருவதை நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் நின்ற கிளிப்போடு, தொடங்கியதைவிட மோசமான கடியோடு வீட்டில் இருப்பார்கள்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு இல்லை. கிளிப் போடும் முன்பே, எட்டாவது மாதத்தில் பற்கள் எப்படி நிற்கும் என்று பிளாஸ்டர் மாதிரியிலோ கம்ப்யூட்டரிலோ காட்ட வேண்டும். "இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை உங்களுக்கு உங்கள் முகம் பிடிக்காது" என்று மாதத்தைச் சொல்லியே எழுதிக்கொடுக்க வேண்டும். வீட்டார் ஒருவரும் உடன் இருந்து கேட்க வேண்டும். முதலில் அறுவை, பிறகு கிளிப் என்ற முறையும் இப்போது இருக்கிறது. கடி ஓரளவு நிலையாக அமையக்கூடியவர்களுக்கே அது பொருந்தும், எல்லோருக்கும் அல்ல.

இதற்கும் முன்னால் இன்னொரு காத்திருப்பு உண்டு. தாடை வளர்ச்சி நிற்காமல் அறுவை செய்தால், வளர்ச்சி திரும்பவும் கடியைக் குலைத்துவிடும். பெண்களுக்கு 16, 17 வயது வரையும், கீழ்த்தாடை நீண்ட ஆண்களுக்கு 20 வயது வரையும்கூடக் காத்திருக்க நேரும். ஆறு மாதம் அல்லது ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, மாற்றம் இல்லை என்று தெரிந்தபின்தான் தேதி குறிக்க முடியும். "பதினெட்டு வயசானதும் வாங்க" என்று பன்னிரண்டு வயதில் அனுப்பிவிட்டால், நடுவில் இருக்கும் ஆறு ஆண்டுகளில்தான் முழு உயர்நிலைப் பள்ளியும் கல்லூரித் தொடக்கமும் வருகின்றன. ஆண்டுக்கு ஒரு முறையாவது அழைத்துப் பாருங்கள். எக்ஸ்ரேவுக்காக வரும்போது பள்ளி எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கல்யாணத் தேதி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். தை மாதம் முகூர்த்தம், ஐப்பசியில் அறுவை செய்துவிடலாமா என்பார்கள். அறுவைக்குப் பின் கடியை முடித்து நிலைநிறுத்த இன்னும் 6 முதல் 12 மாதம் கிளிப் வேண்டும். வீக்கத்தின் பெரும்பகுதி இரண்டு மூன்று வாரத்தில் வடியும். கடைசிச் சிறு வீக்கம் போக ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு ஆகும். முகூர்த்தத்துக்காகக் கிளிப்பை முன்கூட்டியே கழற்றினால் கடி பின்வாங்கும் ஆபத்து உண்டு. அறுவைக்கும் திருமணத்துக்கும் இடையே குறைந்தது ஆறு மாதமாவது விடுங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அறுவைக்குப் பிந்தைய நாட்களை நெருக்கமாகப் பார்க்க வேண்டும். மேல்தாடையைக் கிடைமட்டமாக வெட்டி நகர்த்துவார்கள், கீழ்த்தாடையை இரு பக்கமும் நெடுக்குவாட்டில் பிளந்து நகர்த்துவார்கள், டைட்டானியம் தகடும் திருகும் போட்டுப் பொருத்துவார்கள். முகத்தில் வெளியே பெரும்பாலும் வெட்டு இருக்காது, வாய்க்குள்ளேதான் செய்வார்கள். முன்பு போல ஆறு வாரம் கம்பி போட்டுத் தாடையைக் கட்டிவைப்பது இப்போது பெரும்பாலும் இல்லை. சிறு ரப்பர் வளையங்கள்தான். ஆனாலும் மூக்கு அடைத்திருக்கும், வாய் முழுதாகத் திறக்காது, தொண்டையில் ரத்தம் கலந்த சளி. முதல் இரவில் மூச்சு முட்டுவதுபோல் பயம் வருவது சகஜம். தலைமாட்டை உயர்த்தி, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே காற்று போகும் வழியை முன்பே பழக்கியிருந்தால் இந்தப் பயம் பாதியாகும். ரப்பரை வெட்டும் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று நோயாளிக்குக் காட்டிவைக்க வேண்டும். பெரும்பாலும் அது தேவைப்படாது. ஆனால் அது கையெட்டும் இடத்தில் இருப்பது தெரிந்தாலே தைரியம் வரும்.

இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியில் தெரிவது பழைய முகமும் இல்லை, வாக்களிக்கப்பட்ட முகமும் இல்லை. கீழுதடும் மோவாயும், பல் மருத்துவர் ஊசி போட்டபின் இருப்பதுபோல் மரத்திருக்கும். எச்சில் வழிவது தெரியாது, சூடான கஞ்சி சுடுவது தெரியாது. கீழ்த்தாடையைப் பிளக்கும் இடத்தின் வழியாக ஓடும் நரம்பு இழுபடுவதால் வருவது இது. பெரும்பாலோருக்கு வாரங்களிலும் மாதங்களிலும் உணர்வு திரும்பும். சிலருக்கு ஒரு சிறு பகுதி நிரந்தரமாக மரத்தே இருந்துவிடும். இதை அறுவைக்கு முன் படிவத்தின் சின்ன எழுத்தில் அல்ல, வாயால் சொல்ல வேண்டும்.

சாப்பாடு: முதல் இரண்டு வாரம் முழுக்கத் திரவம். வடிகட்டிய ராகிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், மோர், பால், இளநீர். ஊசிமுனை இல்லாத சிரிஞ்சிலோ சிறிய டம்ளரிலோ கொடுக்கலாம், ஸ்ட்ரா வேண்டாம். நாளுக்கு ஆறேழு முறை, மொத்தம் இரண்டு லிட்டருக்குக் குறையாமல். ஆறு வாரம் வரை மெல்லத் தேவையில்லாதவை: குழைத்த சாதம், பாலில் ஊறிய இடியாப்பம், சாம்பாரில் கரைத்த இட்லி. எடை சில கிலோ குறையும். பசியும், தூக்கமின்மையும், வீக்கத்துக்காகக் கொடுத்த ஸ்டீராய்டு நின்றதும் சேர்ந்து முதல் வாரக் கடைசியில் அழுகையும் எரிச்சலும் வரும். 'இதை ஏன் செய்துகொண்டோம்' என்ற எண்ணம் பலருக்கும் அப்போது எழுகிறது. பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தானாக வடியும். அந்த நேரத்தில் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "பழைய மூஞ்சியே லட்சணமா இருந்துச்சே" என்று சொல்லும் ஒரு வார்த்தை, அவர்கள் நினைப்பதைவிட ஆழமாக இறங்கும். அப்பா ஜாடை, பாட்டி ஜாடை என்று சொல்லிவந்த முகம் மாறியதில் வீட்டாருக்கும் ஓர் இழப்பு உணர்வு இருக்கும் என்பது உண்மை. அதை மருத்துவரிடம் வந்து பேசட்டும், படுக்கையருகே வேண்டாம். முதல் மூன்று வாரம் பார்வையாளர்களைக் குறைப்பது நல்லது.

எல்லாச் சோர்வும் இப்படித் தானாக வடிவதில்லை. மனச்சோர்வைக் கண்டறிய பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாள் தமிழிலேயே கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரம் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10-ம் அதற்கு மேலும் வந்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். நிரப்ப ஐந்து நிமிடம் போதும். முதல் வருகையில் ஒரு முறை, கிளிப் முடிந்து அறுவைக்குத் தேதி குறிக்கும்போது ஒரு முறை, அறுவை முடிந்த மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் ஒரு முறை கொடுக்கச் சொல்கிறோம். அறுவைக்குப் பின் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூக்கம், பசி, களைப்பு பற்றிய கேள்விகளுக்குத் திரவ உணவில் இருக்கும் எவருக்கும் மதிப்பெண் ஏறும். அதனால் எதிலும் ஆர்வமின்மை, மனம் சோர்ந்திருத்தல் ஆகிய முதல் இரண்டு கேள்விகளையும், சாவு அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியையும் தனியே பாருங்கள். ஒன்பதாவதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே பேச வேண்டும்.

ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "ஆபரேஷன் நிறுத்திவிடுவார்கள்" என்ற பயத்தில் மறைக்கிறார்கள், அல்லது தாங்களே திடீரென்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் ஆபத்து. எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகளோடு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் ரத்தக்கசிவு சற்று கூடலாம். மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரிந்திருந்தால் வலி மருந்தை மாற்றிக்கொள்வார். அறுவையை நிறுத்த வேண்டிய காரணம் அதில் இல்லை.

பிரிட்டனில் 1998-ம் ஆண்டு அறிக்கை ஒன்றைத் தொடர்ந்து அன்னப்பிளவு சிகிச்சை சில மையங்களில் ஒன்றுதிரட்டப்பட்டது. அந்தக் குழுக்களில் மருத்துவ உளவியலாளரும் ஓர் உறுப்பினர். நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் பல் சீரமைப்பு, முகத்தாடை அறுவை இரண்டு துறையும் சேர்ந்து நோயாளியைப் பார்க்கும் நாள் இருக்கிறது. அந்த அறையில் இன்னொரு நாற்காலி போட்டு, பக்கத்து மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையிலிருந்தோ மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்தோ ஒருவரை வாரம் ஒரு முறை உட்காரவைக்கப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. துறைத்தலைவர்கள் இருவர் பேசி முடிவெடுத்தால் போதும்.

காப்பீட்டிலும் இது வந்து முட்டுகிறது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பது மருத்துவக் காப்பீடுகளின் பொதுவான விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பும், உடலுக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியில் அவசியமானதும் அந்த விலக்கில் சேராது. சிகிச்சை அளிப்பவர் அதைச் சான்றளிக்க வேண்டும். "முகத்தோற்றம் சீரமைப்பு" என்று ஒரு வரியில் எழுதிக்கொடுத்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். எந்தப் பற்கள் மட்டும் கடியில் சேர்கின்றன, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, தூக்கப் பரிசோதனையில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். இருப்பதை மட்டும் எழுதுங்கள். மனநல சிகிச்சைக்கும் உடல் நோய்க்கு நிகரான காப்பீடு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ம் பிரிவு சொல்கிறது. தாடை அறுவைக்குக் காப்பீடு மறுக்கப்பட்டவர்கள்கூட மனநல சிகிச்சைச் செலவுக்குத் தனியே விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய இரண்டு படங்களை வெளியிடும்போது, இடையில் எத்தனை மாதம் ஆனது, உதடு மரத்ததா, உணர்வு திரும்பியதா என்று படத்தின் அடியில் ஒரு வரி சேருங்கள். சிகிச்சையில் இருப்பவரோ வீட்டாரோ தாங்க முடியாத நிலையில் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். பேசச் சிரமமாக இருக்கும் அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் உடன் இருப்பவரே எண்ணைப் போட்டு, நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சார்பில் பேசலாம்.

இப்படிக்கு,
பல் சீரமைப்பு, முகத்தாடை அறுவை சிகிச்சை, மனநலம் ஆகிய துறைகளில் பணியாற்றும் சிலர்,
சென்னை